அமெரிக்கக் கடையில் ஓர் ஆடைத் துணைவி



என் ராத்தாவின் மகள் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கணவரோடு வாழ்கிறாள். ஒரு நாள் நடுநிசியில் தொலைபேசி ஒலித்தது. பதறியடித்து எழுந்து எடுத்தேன். அவளுக்கு அது பிற்பகல். இங்கே ஊர் உறங்கும் நேரம் என்பதை மறந்துவிட்டாள். “சாச்சி, எனக்கு வேலை கிடைத்திருக்கிறது” என்றாள். “அல்ஹம்துலில்லாஹ்! நல்ல செய்திதானே, ஏன் குரல் தழுதழுக்கிறது?” என்று வினவினேன். “உடுத்திக்கொண்டு போக ஓர் உடுப்புக்கூட இல்லை, சாச்சி” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய நிக்காஹின்போது பெட்டிகளில் துணிகளை அடுக்கிக் கொடுத்தவள் நான். 40-க்குக் குறையாத புடவைகள், 12 சுடிதார்கள், மாப்பிள்ளை துபாயிலிருந்து வாங்கி வந்த 3 அபாயாக்கள். இவ்வளவும் கடல் கடந்து போயிருக்க, உடுப்பே இல்லை என்கிறாளே என்று எண்ணினேன். ஆனால் சிரித்திருக்கக் கூடாது என்பது அவள் பேசப் பேசத்தான் விளங்கிற்று.

கணவரின் வேலை விசாவைச் சார்ந்து சென்ற மனைவியருள் ஒரு பகுதியினர் தாமும் வேலை பார்க்கலாம் என்று 2015-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதியளித்தது. அந்த வரிசையில் காத்திருந்து, 6 ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே காலம் தள்ளி, இப்போதுதான் ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்னும் 2 வாரத்தில் சேர வேண்டும். ஜரிகைப் புடவையோடு போய்க் கணினி முன் அமர முடியாது. கறுப்பு அபாயாவோடு போகலாமென்றால், “முதல் நாளே எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி வேண்டாமே” என்று மாப்பிள்ளை தயங்குகிறார். அவர் கெட்டவர் அல்லர், அச்சம். “தலைத்துணியை எடுக்கச் சொல்கிறாரா?” என்று கேட்டேன். “சொல்லவில்லை, சாச்சி. சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால் வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நினைக்கிறேன்” என்றாள்.

ஓர் உடுப்புக்காக ஒரு பெண் தன் படிப்பையும் காத்திருப்பையும் விட்டுக்கொடுக்க எண்ணுவதா? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவளுக்கு வழி காட்டியவர், பள்ளிவாசலில் பழக்கமான எகிப்து நாட்டுச் சகோதரி ஒருவர். “பெரிய கடைகளில் பர்சனல் ஷாப்பர் என்று இருப்பார்கள், நேரம் குறித்துக்கொண்டு போ, காசு கேட்க மாட்டார்கள்” என்று சொன்னாராம். மறுநாள் இவள் அதைச் சொன்னபோது, காசு கேட்காமல் யாரம்மா கடையில் வேலை செய்வார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். பிறகு நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் உம்மாமார்களுக்கும், நாளை அங்கே போகவிருக்கும் சகோதரிகளுக்கும் பயன்படலாம், இன்ஷா அல்லாஹ்.

நம் ஊரில் டிபார்ட்மென்டல் ஸ்டோர் என்றால் துவரம் பருப்பும் சோப்பும் வாங்கும் இடம். அமெரிக்காவில் அந்தப் பெயருக்குப் பொருள் வேறு. ஒரே கட்டடத்தில் பல மாடிகளில் பெண்கள் ஆடை, ஆண்கள் ஆடை, காலணி, நறுமணம், படுக்கை விரிப்பு, பாத்திரம் என்று பிரிவு பிரிவாக விற்கும் பெருங்கடை அது. நியூயார்க்கின் 34-ஆம் தெருவில் 1902 முதல் இருந்துவரும் மேசிஸ் கடை இவ்வகையில் உலகறிந்தது. 1901-இல் சியாட்டில் நகரத்தில் ஒரு செருப்புக் கடையாகத் தொடங்கிய நார்ட்ஸ்ட்ராம் இன்னொன்று. இத்தகைய கடையில் ஆயிரக்கணக்கான ஆடைகள் தொங்கும்போது, நம்மைப் போன்றவர்கள் எங்கே தொடங்குவது, எதைத் தொடுவது என்று திகைத்து, கடைசியில் ஒரு கைக்குட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். இந்தத் திகைப்பைப் போக்குவதற்கென்றே கடையே அமர்த்தியிருக்கும் பணியாளர்தான் பர்சனல் ஷாப்பர். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் அளவு என்ன, எதற்காக ஆடை வேண்டும், எவ்வளவு செலவிடுவீர்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள். நீங்கள் போகும்போது ஒரு தனியறையில் உங்களுக்கான ஆடைகள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். உடுத்திப் பார்க்க வேண்டும், பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் வெறுங்கையோடும் வரலாம். மேசிஸ், நார்ட்ஸ்ட்ராம் போன்ற கடைகளில் இதற்கெனத் தனிக் கட்டணம் கிடையாது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊரின் பழைய ஜவுளி மூட்டைதான் நினைவுக்கு வந்தது. பெண்கள் கடைத்தெருவுக்குப் போகாத அந்நாளில், மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரு பெண்மணி வீடு வீடாக வருவார். முற்றத்தில் பாயை விரித்து மூட்டையை அவிழ்த்தால் பெண்களும் சிறுமியரும் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து பணம் வந்திருக்கிறது, யாருக்கு எந்த நிறம் எடுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். “இது உனக்கு வேண்டாம் மகளே, துவைத்தால் நரைத்துப் போகும்” என்று அவரே ஒரு துணியைப் பின்னால் தள்ளியதும் உண்டு. விற்காத துணியை வல்லடியாக நம் தலையில் கட்டியதும் உண்டு. அவரும் பிழைக்க வேண்டுமல்லவா? உம்மா அவரிடம் தேநீர் கொடுத்துப் பரிவோடு பேசுவார்; விலை பேசும்போது மட்டும் முகத்தை மாற்றிக்கொள்வார். அமெரிக்கக் கடையின் தனியறைக்குள் போகும் பெண்ணுக்கும் உம்மாவின் அந்த இரண்டு முகங்களும் வேண்டும்.

ஏனென்றால், கட்டணம் இல்லை என்பதற்கு இலவசம் என்று பொருளல்ல. பல கடைகளில், விற்பனையில் ஒரு பங்கு இப்பணியாளர்களுக்குக் கமிஷனாகச் சேர்கிறது. நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்களோ அவ்வளவுக்கு அவர்களுக்கு வருவாய். இதை அறிந்துகொண்டு போனால் போதும். அவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டியதில்லை.

கமிஷனை விரும்பாத ஒருவரும் இருந்தார். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் பெர்க்டார்ஃப் குட்மன் என்றொரு கடை உண்டு. செல்வச் சீமாட்டிகளின் கடை. அங்கே பெட்டி ஹால்பிரைக் என்ற அம்மையார் 1976-இல் வேலைக்குச் சேர்ந்தார். மணவாழ்க்கை முறிந்து, மனம் நொந்து, ஐம்பதை நெருங்கிய வயது அப்போது அவருக்கு. முதலில் விற்பனைப் பணியில் விட்டார்கள். அது அவருக்கு வரவில்லை. பிறகு, வருகிறவர்களுக்கு ஆடையைத் தேர்ந்து கொடுக்கும் தனிப் பிரிவை அவருக்கென்றே ஏற்படுத்தினார்கள். கமிஷன் பெறாமல் சம்பளத்துக்கே பணியாற்றியவர் என்பதால், பொருந்தாததைப் பொருந்தாது என்று வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். விலையுயர்ந்த ஆடையாக இருந்தாலும் வேண்டாம் என்பார். அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்காகவே நாடெங்கிலுமிருந்து அவரைத் தேடி வந்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்பணியில் புகழோடு விளங்கி, 2024 ஆகஸ்டில் தம் 96-ஆம் வயதில் காலமானார். அவரைப் போன்ற ஒருவர் எல்லாக் கடையிலும் கிடைப்பாரா? கிடைக்க மாட்டார். ஆகவே அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லை நாமே கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

என் மகளுக்கு (சாச்சிக்கு மகள் மகள்தானே) நான் சொன்ன முதல் யோசனை, கடைக்குப் போகுமுன் அலமாரியைத் திற என்பதுதான். திறந்து, எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டச் சொன்னேன். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினாள். பெட்டி மடிப்புக்கூடக் கலையாத புடவைகள் பாதி. பிரசவத்துக்குப் பின் பத்தாமல் போன சுடிதார்கள் கொஞ்சம். தள்ளுபடி என்று வாங்கி, விலைச்சீட்டே கிழிக்கப்படாத குளிர்காலச் சட்டைகள் 4. “இவற்றை ஏன் வாங்கினாய்?” என்று கேட்டேன். “மலிவாகக் கிடைத்தது” என்றாள். வீண்விரயம் செய்வோரை நம் மார்க்கம் எத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும், நமக்கெல்லாம் தெரியும். தெரிந்துமா நம் வீட்டு அலமாரிகள் மட்டும் வேறுவிதமாக இருக்கின்றன? சென்ற பெருநாளுக்கு நான் எடுத்த புடவை ஒன்று இன்னும் மேலட்டில்தான் கிடக்கிறது. பத்தாத ஆடைகளை அவள் பள்ளிவாசலில் ஆடை திரட்டும் சகோதரிகளிடம் சேர்த்துவிட்டாள். புடவைகளில் கை வைக்கவில்லை. எந்தப் பெண்தான் வைப்பாள்?

அந்தக் குவியலில் ஒரு பொருள் என் கண்ணில் பட்டது. மதுரைச் சுங்குடித் துப்பட்டா ஒன்று. அடர்ந்த பச்சையில் வெள்ளைப் புள்ளிகள். கல்யாணத்துக்கு முன் நானே வாங்கிக் கொடுத்தது. “இதைக் கையோடு எடுத்துக்கொண்டு போ” என்றேன். “கடைக்கா?” என்றாள். “ஆமாம், கடைக்குத்தான்.”

இரண்டாவதாக, எல்லையை முதலிலேயே எழுதிக் கொடு என்றேன். நேரம் குறிக்கும்போதே, தலையை மறைக்கும் முஸ்லிம் பெண் நான், மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை நீளம், உடலைப் பிடிக்காத தளர்வு, உள்ளே தெரியாத துணி, உதவிக்கு ஒரு பெண் பணியாளர் வேண்டும், செலவு 400 டாலருக்கு மேல் இல்லை என்று குறிக்கச் சொன்னேன். “இவ்வளவுமா எழுதுவது? கூச்சமாக இருக்கிறதே” என்றாள். நம் பெண்களின் இடர்ப்பாடே இதுதான். ஜவுளிக்கடைக்காரர் 30 புடவைகளைப் பிரித்துப் போட்டுவிட்டார் என்பதற்காகவே, பாவம் என்று ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் நாம். அந்த இரக்கத்தை வைத்தே வியாபாரம் நடக்கிறது.

கூச்சத்தில் பாதியை எழுதினாள், பாதியை விட்டுவிட்டாள். அதன் பலனை அந்தத் தனியறையில் கண்டாள்.

போய்ச் சேர்ந்தபோது 20-க்கு மேற்பட்ட ஆடைகள் மாட்டப்பட்டிருந்தனவாம். நடுவயது அமெரிக்கப் பெண்மணி, இனிய முகம். முதலில் எடுத்து நீட்டியது கையில்லாத ஒரு கவுன். மேலே போட்டுக்கொள்ள ஒரு குட்டைக் கோட்டு. கோட்டைப் போட்டால் கை மறைந்துவிடும் என்பது அந்த அம்மாளின் கணக்கு. கவுன் முழங்காலோடு நின்றது. இவள் அதையும் உடுத்திப் பார்த்திருக்கிறாள்! கண்ணாடியில் பார்த்து, அழகாக இருக்கிறது என்று அந்த அம்மாள் சொல்ல, ஆம் என்று தலையாட்டியும் இருக்கிறாள். “எனக்கு நா எழவில்லை, சாச்சி. அவ்வளவு அன்பாகப் பேசுகிறவரிடம் எப்படி மறுப்பது? வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்” என்றாள். பிறகு, எங்கிருந்து துணிவு வந்ததோ, அலமாரியில் விலைச்சீட்டோடு தொங்கிய அந்த 4 சட்டைகள் நினைவுக்கு வந்தனவாம். “மன்னியுங்கள், இது எனக்கு ஆகாது, நான் முதலிலேயே சரியாகச் சொல்லவில்லை” என்று சொல்லி, பையிலிருந்து சுங்குடியை எடுத்து, கண்ணாடி முன் நின்று தலையில் சுற்றிக்கொண்டாள். “எனக்கு இதோடு சேரும் ஆடை வேண்டும்” என்றாள்.

அந்த அம்மாளின் முகம் மாறியது, கோபத்தால் அன்று. துணியைத் தொட்டுப் பார்த்தார். இந்தப் புள்ளிகள் அச்சா என்று கேட்டார். ஒவ்வொரு புள்ளியும் நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பதால் விழுவது என்று இவள் விளக்கினாள். உடனே மாட்டியிருந்தவற்றில் பெரும்பகுதியை வெளியே தள்ளச் சொல்லிவிட்டு, தாமே மாடி மாடியாகப் போய் வேறு ஆடைகளைக் கொண்டு வந்தாராம். சாம்பல் நிறத்திலும் கருநீலத்திலும் அகலமான கால்சட்டைகள் 2, முழங்காலுக்குக் கீழே இறங்கும் முழுக்கை மேற்சட்டைகள் 2, மேலே அணிய நீண்ட கம்பளி மேலங்கி ஒன்று. எல்லாம் அந்தப் பச்சையோடு பொருந்தின. அம்மாளுக்கும் அதில் ஓர் உற்சாகம் பிறந்திருக்க வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு சொல். அங்கே ‘பெட்டீட்’ என்றொரு பிரிவு உண்டு. ஒல்லியானவர்களுக்கானது என்று நம்மவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியன்று, 5 அடி 4 அங்குலமும் அதற்குக் குறைவுமான உயரமுள்ளவர்களுக்காக, தோள், கை, கால் நீளங்களைக் குறைத்துத் தைத்தது. நம் பெண்களில் பலருக்குத் தோளும் கையும் அதில்தான் கச்சிதமாக அமையும். ஆனால் மேற்சட்டையை மட்டும் சாதாரண நீளத்திலேயே எடுப்பது நமக்கு நல்லது. அவர்களுக்குத் தொடையோடு நிற்பது நமக்கு முழங்காலைத் தொடும். மேலும், ஒரு கம்பெனியின் 8-ஆம் எண்ணும் இன்னொரு கம்பெனியின் 8-ஆம் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. எண்ணைப் பார்த்து மனம் வருந்தவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

காலணியில்தான் நாம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். அங்கே விற்கும் காலணிகளிலும் கைப்பைகளிலும் உட்புறத் தோல் பன்றித் தோலாக இருப்பது அரிதன்று. தோல் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். எந்த விலங்கு என்று பெரும்பாலும் இராது. பன்றித் தோலில் மயிர்க்கண்கள் மும்மூன்றாக, முக்கோணம்போல் சேர்ந்து காணப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயினும் மெருகிட்ட தோலில் கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம். பதனிட்டாலும் அது தூய்மையாகாது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபினரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். என் மகள் கேட்டபோது, பணியாளருக்கும் தெரியவில்லை, பெட்டியிலும் இல்லை. அந்த இணையை விட்டுவிட்டுத் துணியாலும் ரப்பராலும் ஆன வேறொன்றை எடுத்தாள். அப்படியே கணவருக்கு ஒரு கழுத்துப்பட்டி வாங்கலாமென்று போனாளாம். அழகானவை பெரும்பாலும் அசல் பட்டு. ஆண்களுக்கு ஆகாதே என்று சீட்டைப் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டாள். பாலியெஸ்டர் என்று எழுதியது ஒன்று பிறகு கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு அதன் நிறம் பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

இடையில் அஸர் நேரம் வந்துவிட்டது. உளூவோடுதான் போயிருந்தாள். “இந்த அறையில் 5 நிமிடம் தொழுதுகொள்ளட்டுமா?” என்று கேட்டாள். அம்மாள் தம் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே காவல் நின்றாராம். பொதுவான உடை மாற்றும் அறைகளின் குட்டைக் கதவுகளுக்கும் இடுக்குகளுக்கும் அஞ்சுகிற நம் பெண்களுக்கு, முழுக்கதவு உள்ள தனியறை கிடைப்பதே இந்தச் சேவையின் பெரிய நன்மை என்பேன். ஆடை வாங்காவிட்டாலும் சரி.

கணக்குப் பார்த்தபோது மொத்தம் 366 டாலர். நியூஜெர்சியில் சாதாரண உடைகளுக்கும் காலணிக்கும் விற்பனை வரி கிடையாது என்பதால் ஒரு காசு கூடவில்லை. ஆற்றைத் தாண்டி நியூயார்க் நகரத்துக்குப் போனால், 110 டாலருக்குக் குறைந்த ஆடைக்குத்தான் அந்தச் சலுகை; 120 டாலர் மேலங்கி ஒன்றை அங்கே வாங்கியிருந்தால் 10 டாலருக்கு மேல் வரி கட்டியிருப்பாள். இதையெல்லாம் நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கக் கூடாது என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். சில வேளை மாற்றிப் பார்ப்பதும் நல்லதுதான். கை தானாகச் சுருங்கும்.

உண்மையான சோதனை பணம் கட்டும் இடத்தில்தான் காத்திருந்தது. “எங்கள் கடை அட்டைக்கு இப்போதே விண்ணப்பித்தால் இன்றைய பில்லில் 20 விழுக்காடு தள்ளுபடி” என்றாள் காசாளர் பெண். 73 டாலர்! யாருக்குத்தான் ஆசை வராது? ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இந்தக் கடை அட்டைகளைப் பற்றி நான் கேட்டறிந்தபோது திடுக்கிட்டேன். 2024-இல் அமெரிக்காவின் பல பெருங்கடைகளின் அட்டைகளில் ஆண்டு வட்டி 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 73 டாலர் கழித்து மீதி 293 டாலரைக் கட்டாமல் தள்ளிப் போட்டால், 30 விழுக்காட்டிலேயே மாதம் 7 டாலருக்கு மேல் வட்டி. 10 மாதத்தில் கிடைத்த தள்ளுபடி முழுவதையும் வட்டி விழுங்கிவிடும். அசல் அப்படியே நிற்கும். நம் ஊரில் தண்டல்காரரிடம் சிக்கிய குடும்பங்களைக் கண்டு இரங்குகிறோமே, குளிரூட்டிய கட்டடத்தில் புன்னகையோடு நீட்டப்படுவதும் அதன் உடன்பிறப்புத்தான்.

உரிய தேதிக்குள் முழுவதையும் கட்டிவிட்டால் வட்டி இல்லையே என்று சிலர் கேட்பார்கள். வட்டிக்கு ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நான் ஒரு குடும்பப் பெண்ணாக ஒன்றைச் சொல்வேன்: மறந்துபோகிற மாதம் ஒன்று எல்லோருக்கும் வரும். என் மகள் வேண்டாம் என்றாள். அன்று அவள் சொன்ன இரண்டாவது ‘வேண்டாம்’ அது. முதலாவதைவிட எளிதாக வந்ததாம்.

இப்படியொரு கடையில் நமக்கு வேண்டியதே கிடைக்காதா என்று கேட்கலாம். முயற்சிகள் நடந்திருக்கின்றன. இலண்டன் முதலான நகரங்களில் கிளைகள் வைத்திருந்த டெபன்ஹாம்ஸ் 2017-இல் ஹிஜாப் விற்கத் தொடங்கியது. அந்தக் கடைகளே 2021-இல் மூடப்பட்டுவிட்டன. 2018 பிப்ரவரியில் மேசிஸ், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கச் சகோதரி ஒருவர் தொடங்கிய வெரோனா கலெக்ஷன் என்ற பெயரில் தளர்ந்த நீளாடைகளையும் ஹிஜாபையும் விற்பனைக்கு வைத்தது. பெருங்கடைகளில் இவை வரும், போகும். நியூஜெர்சியில் இருப்பவர்களுக்குப் பேட்டர்சன் நகரம் பக்கத்தில்தான். அதன் தென்பகுதியில் மெயின் தெருவில் அரபுச் சகோதரர்களின் கடைகள் நிறைந்த பகுதிக்குப் பாலஸ்தீன வழி என்று 2022-இல் பெயரே சூட்டியிருக்கிறார்கள். தலைத்துணியும் அபாயாவும் வாங்க அங்கே போங்கள். கம்பளி மேலங்கிக்குப் பெருங்கடைக்குப் போங்கள்.

போகும் நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நியூஜெர்சியின் பெர்கன் மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை துணி விற்கச் சட்டமே தடை விதிக்கிறது. பெரிய வணிக வளாகங்கள் நிறைந்த பராமஸ் ஊர் அன்று வெறிச்சோடிக் கிடக்குமாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நம் ஊர்களில் கடையடைப்பதை வியப்போடு பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வேலையில் சேர்ந்து இப்போது 3 மாதம் ஆகிறது. மாப்பிள்ளை முதல் நாள் காலையில் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதற்காகவா நான் இத்தனை நாள் பயந்தேன்?” என்றாராம். அலுவலகத்தில் முதல் வாரம் ஒருத்தி மட்டும் ஏதோ கேட்டிருக்கிறாள். தலைத்துணியைப் பற்றி அன்று, அந்தப் பச்சை எங்கே கிடைக்கும் என்று.

சென்ற வாரம் மறுபடி அழைத்தாள். இம்முறை நம் நேரம் பார்த்துத்தான். சுங்குடித் துப்பட்டா இன்னும் 3 வேண்டுமாம். 2 அவளுக்கு, ஒன்று கடையில் உதவிய அந்த அம்மாளுக்கு. மதுரைக்குப் போகிற ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சாயம் பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் நானே ஒரு முறை அலசிக் காய வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அங்கே இப்போது பனி பெய்கிறதாம். துணி காய வெயிலுக்கு எங்கே போவாள்?